ஒருநாள் பூச்சியின் குலமரபு

எங்கள் குழுவில் மொழிபெயர்ப்புக் கதை ஒன்றைச் செப்பம் செய்துகொண்டிருந்த மாலையில் எழுந்த சிறு சச்சரவிலிருந்து இக்கட்டுரை பிறந்தது. ஐரோப்பிய ஆற்றங்கரையில் நடக்கும் கதை அது. கோடை அந்தியொன்றில் நீர்ப்பரப்பிலிருந்து மெல்லிய சிறகுடைய பூச்சிகள் கூட்டங்கூட்டமாக எழுகின்றன. விடிவதற்குள் இறந்து கரையெங்கும் படிகின்றன. மொழிபெயர்த்த நண்பர் அவற்றை 'ஈசல்' என்று எழுதியிருந்தார். எங்களில் ஒருவர் அது ஈசல் அன்று என்றார். மற்றொருவர், ஈசல் என்றால்தான் தமிழ் வாசகனுக்கு அந்த நிலையாமை உடனே உறைக்கும், பூச்சியியல் பாடம் நடத்துவது இலக்கியத்தின் வேலையன்று என்று வாதிட்டார். அன்று முடிவு எட்டப்படவில்லை. பின்னர்ச் சில வாரங்கள் நாங்கள் தேடிப் படித்ததன் விளைவாக, முதலாமவர் சொன்னதே சரி என்பதோடு, இது வெறும் சொல் தகராறு அன்று என்னும் எண்ணத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறோம். அதை வாசகர்முன் வைக்க விரும்புகிறோம்.

முதலில் ஈசலைப் பார்ப்போம். ஈசல் என்பது சிறகு முளைத்த கறையான். முதல் மழைக்குப் பின் புற்றிலிருந்து புறப்பட்டு, விளக்கைச் சுற்றி, சிறகுதிர்த்து விழுவது. அதன் வாழ்வு ஒருநாள் என்று நம் பேச்சுவழக்கு சொல்கிறது. உண்மையில் பறவைக்கும் பல்லிக்கும் தப்பிய ஈசல் இணைகள் சிறகைக் களைந்துவிட்டு மண்ணுக்குள் புகுந்து புதிய குடியைத் தொடங்குகின்றன. அவற்றுள் அரசியாகும் பெண் பல ஆண்டுகள் வாழ்கிறது. ஆகவே பறத்தல் ஈசலுக்கு வாழ்வின் தொடக்கம். கதையில் வந்த பூச்சிக்கோ அது முடிவு. ஆங்கிலத்தில் மேஃபிளை எனப்படும் அப்பூச்சி, நீருக்கடியில் மாதக்கணக்கிலும் சில இனங்களில் ஆண்டுக்கணக்கிலும் வாழ்ந்து, பலமுறை தோலுரித்து, கடைசியில்தான் சிறகு பெறுகிறது. சிறகு பெற்றபின் அது உண்பதில்லை. வாயுறுப்புகள் சுருங்கிவிட, குடலில் காற்று நிறைந்திருக்கும். இணைசேர்ந்து முட்டையிடுவதற்கான அவகாசமே அதற்கு மிஞ்சுகிறது.

உறவுமுறையிலும் இவ்விரண்டும் நெருங்கியவை அல்ல. கறையான்கள் தனி வரிசையன்று, அவை கரப்பான்களின் ஒரு கிளையே என்று 2007ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வு உறுதிப்படுத்திய பின், அவற்றுக்கு வழங்கிவந்த தனிவரிசைத் தகுதி பரவலாகக் கைவிடப்பட்டது. மேஃபிளையின் முன்னோர் கறையான்களின் முன்னோரிடமிருந்து பிரிந்து ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நமக்கும் கெண்டை மீனுக்கும் இடையிலுள்ள தூரத்தோடு ஒப்பிடத்தக்க தூரம் அது. கெண்டையை மனிதன் என்று மொழிபெயர்ப்பவர் யாருமில்லை. பூச்சி என்றால் மட்டும் நமக்கு எல்லாம் ஒன்றாகிவிடுகிறது.

இனி அப்பூச்சியை இக்கட்டுரையில் 'ஒருநாள் பூச்சி' என்றே அழைப்போம். 'மே ஈ' என்று எழுதுவோரும் உண்டு. அது ஈயும் அன்று. மே மாதத்துக்கு மட்டும் உரியதும் அன்று. 'ஒருநாள்' என்பதிலும் குறை உண்டு என்பதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

ஒருநாள் என்ற எண்ணம் பழையது. கருங்கடல் பகுதியின் ஹைப்பானிஸ் ஆற்றில், கோடையின் உச்சத்தில், திராட்சையைவிடச் சற்றே பெரிய பைகள் மிதந்து வருவதாகவும், அவை வெடித்து நான்கு கால்களும் சிறகுகளும் உடைய உயிர்கள் வெளிவருவதாகவும், அவை சூரியன் மறைகையில் இறப்பதாகவும் அரிஸ்டாட்டில் எழுதினார். அவர் குறித்துவைத்த கிரேக்கப் பெயரே இன்றைய அறிவியல் வரிசைப்பெயரான எபிமெராப்டெராவுக்குள் வாழ்கிறது. அது ஆறு கால் பூச்சி. நான்கு என்று எழுதியது பிழை. முன்னங்கால்களை முன்னே நீட்டித் தூக்கி வைத்திருக்கும் இதன் வழக்கம் பார்த்தவர்களை ஏமாற்றியிருக்கலாம். எனினும் எங்களுக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. பெயர் வைத்தவர்கள் கண்டது ஒரு நீண்ட வாழ்வின் கடைசி மாலையை மட்டுமே. நாவலின் இறுதிப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நூலுக்குத் தலைப்பிட்டது போன்றது அது.

நீருக்குள் கழிந்த பக்கங்களைப் பொறுமையோடு படித்தவர்களுள் முதன்மையானவர் நெதர்லாந்தின் யான் ஸ்வாமர்டாம். 1675ல் இப்பூச்சியைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இறைச் சிந்தனைகள் நிரம்பிய நூல் அது. அதனூடே நீர்வாழ் பருவத்தின் உடற்கூறும் நுணுக்கமாக வரையப்பட்டிருந்தது. அவர் ஆராய்ந்த இனமான பாலிஞ்ஜீனியா லாங்கிகாடா, ஆற்றங்கரைக் களிமண்ணில் வளைதோண்டி மூன்று ஆண்டுகள் வாழ்ந்து, சில மணிநேரமே பறப்பது. அவ்வினம் இன்று நெதர்லாந்தில் இல்லை. மேற்கு ஐரோப்பிய ஆறுகளிலிருந்து மறைந்துபோய், ஹங்கேரி வழியாகப் பாயும் டிஸா ஆற்றில்தான் இன்றும் பெருந்திரளாக எழுகிறது.

லின்னேயஸ் 1758ல் தம் வகைப்பாட்டு நூலின் பத்தாம் பதிப்பில் ஒருநாள் பூச்சிகளுக்கு எபெமெரா என்று பெயரிட்டு, தும்பிகளோடும் வலைச்சிறகுப் பூச்சிகளோடும் சேர்த்து நியூரோப்டெரா என்ற ஒரே வரிசையில் அடக்கினார். நரம்போடிய, கண்ணாடி போன்ற சிறகு என்பதே அங்கே உறவுக்குச் சான்று. முதிர்ந்த பூச்சியின் சிறகை மட்டும் பார்த்துச் செய்த வகைப்பாடு அது. நீருக்குள் கிடந்த பருவத்தை மட்டும் பார்த்துச் செய்த வகைப்பாடு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கும் ஒரு கதை உண்டு. எங்களை மிகவும் கவர்ந்தது அதுதான்.

பாரிஸ் நகர மருத்துவரும் பூச்சியியலாளருமான ஜெஃப்ராய் 1762ல் ஒரு சிறு நீர்வாழ் உயிரை விவரித்தார். முதுகை மூடிய வழவழப்பான கவசம், அதன் முன்னே இரு கண்கள், பின்னே இறகுபோன்ற குட்டி வால். அதை இறால், நண்டு ஆகியவற்றின் உறவான ஓட்டுடலியாகக் கொண்டார். 1785ல் டென்மார்க்கின் மூல்லரும் அப்படியே கருதிப் பெயரிட்டார். 1833ல், அந்நாளில் பூச்சி வகைப்பாட்டின் பேராசானாகப் போற்றப்பட்ட லத்ரேய், மடகாஸ்கரிலிருந்து வந்த இதன் உறவினத்தைக் கண்டு, பிராசோபிஸ்டோமா என்ற புதுப் பேரினத்தை அமைத்தார். அதுவும் ஓட்டுடலி என்றே. துலூஸ் நகரின் நிக்கோலா ஜோலியும் அவர் மகன் எமிலும் 1872ல் வெளியிட்ட ஆய்வில்தான், இந்தப் 'பொய் ஓட்டுடலி' ஆறு கால்கள் கொண்ட மெய்ப்பூச்சி என்றும், ஒருநாள் பூச்சியின் நீர்வாழ் பருவம் என்றும் நிறுவப்பட்டது. நூற்றுப்பத்து ஆண்டுகள் ஒரு பூச்சி நண்டினத்தில் வாழ்ந்தது. இத்தனைக்கும் தந்தை ஜோலி, உயிர் தானாகத் தோன்றும் என்னும் கொள்கைக்காகப் பாஸ்டரை எதிர்த்து வாதிட்டுத் தோற்ற அணியைச் சேர்ந்தவர். ஒரு பெரிய விவாதத்தில் தவறிய கண் வேறொரு சிறிய உயிரைச் சரியாகப் பார்த்தது.

லத்ரேய் போன்றவர் ஏன் தவறினார்? அறிவுக் குறைவாலன்று. கவசம் செவுள்களை மறைத்துக்கொண்டிருந்தது; அது பின்னர் என்னவாக வளர்கிறது என்பதை அவர் கண்டதில்லை. ஓர் உயிரை எந்தக் கணத்தில் பார்க்கிறோமோ அந்தக் கணமே அதுவென்று கொள்வதுதான் வகைப்பாட்டின் முதற்பிழை. அரிஸ்டாட்டில் வழிவந்த பெயர் முடிவை மட்டும் பார்த்தது. பிராசோபிஸ்டோமாவின் பெயர் இடைப்பருவத்தை மட்டும் பார்த்தது. 1883 முதல் 1888 வரை வெளியான ஈட்டனின் பெருநூல் போன்றவை முதிர்பூச்சியையும் நீர்வாழ் பருவத்தையும் அடுத்தடுத்து வரைந்துகாட்டிய பின்னரே இத்துறை நிலைகொண்டது.

இனி உறவுமுறையை எப்படித் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு வருவோம். இவ்விடத்தில் இலக்கிய வாசகருக்கு ஒரு வசதி உண்டு. ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்பது எப்படி என்று நமக்குத் தெரியும். உ.வே.சாமிநாதையர் 1887ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன் பல பிரதிகளைத் தேடித் தொகுத்து ஒப்பிட்டார். இரண்டு ஏடுகளில் ஒரே சரியான பாடம் இருப்பதால் அவ்விரண்டும் ஒரே பிரதியிலிருந்து எழுதப்பட்டவை என்று சொல்லிவிட முடியாது. மூலத்தில் இருந்ததையே இரண்டும் காத்திருக்கலாம். ஆனால் வேறெந்த ஏட்டிலும் இல்லாத ஒரே விசித்திரமான பிழை இரண்டிலும் இருந்தால், அவை ஒரே இடைப்பிரதியின் பிள்ளைகள் என்று ஐயுறலாம். காத்த பாடம் உறவைக் காட்டாது. புகுந்த மாற்றமே காட்டும்.

ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950ல் வெளியிட்ட நூலில் உயிர்களுக்கு வகுத்த விதி ஏறத்தாழ இதுவே. பழைய முன்னோரிடமிருந்து அப்படியே பெற்ற பண்புகள் நெருங்கிய உறவுக்குச் சான்றாகா. புதிதாகத் தோன்றிப் பகிரப்பட்ட பண்புகளே சான்று. இந்த ஒரு விதி வகைப்பாட்டுத் துறையையே புரட்டிப்போட்டது.

இதை ஒருநாள் பூச்சிக்குப் பொருத்திப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். சிறகுடைய பூச்சிகள் மூன்று பெரும்பிரிவுகளாக நிற்கின்றன: ஒருநாள் பூச்சிகள், தும்பிகள், மற்ற எல்லாம். மூன்றாம் பிரிவில் வண்டும் ஈயும் வண்ணத்துப்பூச்சியும் கறையானும் அடக்கம். இம்மூன்றாம் பிரிவினர் சிறகை முதுகின்மேல் பின்னோக்கி மடக்கக்கூடியவர்கள். நியோப்டெரா, அதாவது புதுச்சிறகினர், எனப்படுவோர். முன்னிரு பிரிவினரால் அப்படி மடக்க இயலாது. ஆகவே அவ்விருவரையும் சேர்த்துப் பேலியோப்டெரா, பழஞ்சிறகினர், என்றழைக்கும் வழக்கம் வந்தது. மடக்க இயலாமை பழைய ஏட்டின் பாடம் மட்டுமே என்றால் அது உறவுக்குச் சான்றாகாது. வேறு சான்று வேண்டும்.

மூன்று பேர் இருந்தால், எந்த இருவர் நெருங்கியவர் என்ற கேள்விக்கு மூன்று விடைகள்தாம் உண்டு. வியப்பு என்னவென்றால், மூன்றுக்கும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள்.

முதல் விடை, ஒருநாள் பூச்சியும் தும்பியும் உடன்பிறப்புகள் என்பது. சிறிய முள்போன்ற உணர்கொம்பு, நீர்வாழ் இளம்பருவம் முதலியவை இதற்குச் சொல்லப்பட்டன. பிற்காலத்தில் தலையமைப்பின் நுணுக்கங்களும் சான்றாயின.

இரண்டாம் விடை, தும்பியும் மற்றவையும் உடன்பிறப்புகள். ஒருநாள் பூச்சி தனியே பிரிந்த மூத்த கிளை என்பது. இதற்குரிய சான்றுகள் அழகானவை. ஒருநாள் பூச்சிகளுள் பலவற்றுக்கு மூன்று வால்கள். நடுவிலுள்ள வால், பழம்புத்தகங்களுக்குள் ஓடும் சிறகில்லா வெள்ளிமீன் பூச்சிக்கும் உண்டு. நம் ஊர்களில் இராமபாணம் என்று சொல்வோமே, அதுதான். தும்பியும் மற்றவையும் அந்நடுவாலை இழந்துவிட்டன. தாடையின் முன்மூட்டு ஒருநாள் பூச்சியில் தளர்வாகவும் தும்பியிலும் மற்றவற்றிலும் இறுகியும் இருக்கிறது. இன்னொன்று மேலும் வியப்பானது. ஒருநாள் பூச்சி சிறகு பெற்றுப் பறந்தபின்னும் ஒருமுறை தோலுரிக்கிறது. நீரிலிருந்து எழும்போது அது மங்கிய சிறகுடைய முதிரா நிலையில் இருக்கும். சில நிமிடங்களோ ஓரிரவோ கழித்து, அச்சிறகின் மேல்தோலையும் உரித்துவிட்டுப் பளபளப்பான சிறகோடு வெளிவரும். இன்று வாழும் வேறெந்தப் பூச்சியும் பறக்கும் சிறகு பெற்றபின் தோலுரிப்பதில்லை.

மூன்றாம் விடை, ஒருநாள் பூச்சியும் மற்றவையும் உடன்பிறப்புகள், தும்பியே தனிக்கிளை என்பது. ஆண் தும்பி தன் விந்தை வயிற்றின் முன்பகுதியிலுள்ள தனியுறுப்புக்கு மாற்றிவைத்து அதன் வழியே பெண்ணுக்குத் தருகிறது. ஒருநாள் பூச்சியோ மற்றப் பூச்சிகளைப்போல நேரடியாகத் தருகிறது.

மரபணுக்களைப் படிக்கும் கருவிகள் வந்ததும் இவ்வழக்கு ஒரே நாளில் தீர்ந்துவிடும் என்று பலரும் நம்பினர். 2014ல் நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வாளர்கள் கூடி 1,478 மரபணுக்களை ஒப்பிட்டுப் பூச்சிகளின் பெருங்கிளைமரத்தை வெளியிட்டார்கள். பூச்சிகள் ஏறத்தாழ 48 கோடி ஆண்டுகளுக்கு முன்பும், பறத்தல் ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பும் தோன்றியிருக்கலாம் என்று அது கணித்தது. அம்மரத்தில் ஒருநாள் பூச்சியும் தும்பியும் சேர்ந்தே நின்றன. அந்த இணைப்பு மட்டும் உறுதி குறைந்ததாக இருந்தது. 2018ல் சைமன், பிளாங்கே, மொய்ஸேமன் மூவரும் கிடைத்த தரவுகளை மீண்டும் சோதித்தார்கள். மொத்தத்தில் முதல் விடைக்கே ஆதரவு மிகுந்திருந்தது. ஆனால் மூன்றாம் விடைக்கும் கணிசமான குரல் அதே தரவுக்குள் மறைந்து கிடந்தது. சான்றுகளின் எடையில் சிறு வேறுபாடு நேர்ந்தாலும், பெருந்தரவு ஒரு மரத்தை விட்டு மற்றொன்றை அதே உறுதியோடு நிறுவிவிடும் என்று அவர்கள் காட்டினார்கள். பூச்சி பறக்கத் தொடங்கிய விதம் இன்னும் தெளியவில்லை என்பதைக் கட்டுரையின் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டார்கள்.

காரணம் எளிது. மூன்று கிளைகளும் மிகப் பழங்காலத்தில், மிகக் குறுகிய இடைவெளியில் பிரிந்திருக்கின்றன. அந்தக் குறுகிய காலத்தில் புகுந்த மாற்றங்கள் சிலவே. அவற்றின்மேல் 40 கோடி ஆண்டுகளின் எழுத்து ஏறிவிட்டது. மூலத்துக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் மூன்று பிரதிகள் எடுக்கப்பட்டு, அவை ஆயிரம் ஆண்டுகள் தனித்தனியே பெயர்த்தெழுதப்பட்டு வந்தால், எவை இரண்டு நெருங்கியவை என்று எந்தப் பதிப்பாசிரியரும் தடுமாறத்தானே செய்வார்?

இங்கேதான் எங்கள் கருத்து. தமிழில் வெளிவரும் அறிவியல் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே மரத்தை வரைந்து, இதுவே உண்மை என்று முடித்துவிடுகின்றன. வாசகன் குழம்பிவிடுவான் என்று அஞ்சுகிறோம் போலும். பாடபேதங்களை அடிக்குறிப்பில் தராமல் ஒரே பாடத்தை அச்சிடும் பதிப்பை நாம் மதிப்பதில்லை. 'பிரதிபேதம்' என்று நேர்மையாகக் குறித்த பதிப்பையே நம்புகிறோம். அறிவியலையும் அப்படியே எழுத வேண்டும். விடை இன்னும் முடியவில்லை என்பது அத்துறையின் தோல்வியன்று; அது எவ்வளவு கவனமாக வாசிக்கிறது என்பதன் அடையாளம்.

ஒருநாள் பூச்சிகளின் உட்பிரிவுகளிலும் இதே நேர்மையைக் காண்கிறோம். 1979ல் மெக்காஃபெர்ட்டியும் எட்மண்ட்ஸும் இவ்வரிசையை இரு துணைவரிசைகளாக வகுத்தனர். இளம்பருவத்தின் சிறகுமொட்டுகள் உடலோடு ஒட்டியிருப்பவை ஒன்று, பிரிந்திருப்பவை மற்றொன்று. பள்ளிப்பிள்ளைக்கும் புரியும் பிரிவு. ஆனால் பிரிந்திருப்பது பழைய பாடம். அதைக் கொண்டு ஒரு குலத்தை அமைக்க முடியுமா? 1991ல் மெக்காஃபெர்ட்டியே அந்த இருபிரிவைக் கைவிட்டு மூன்று துணைவரிசைகளை முன்வைத்தார். 2005ல் ஆக்டனும் வைட்டிங்கும் மரபணுக்களைக் கொண்டு சோதித்தபோது, அம்மூன்றிலும் 'மீன்வடிவினர்' என்று பெயர்பெற்ற பிரிவு ஒரே முன்னோரின் பிள்ளைகளாக நிற்கவில்லை. ஓடும் நீரில் நீந்துவதற்கு மீன்போன்ற உடல் வசதியானது. அவ்வடிவம் உறவைக் காட்டவில்லை.

2009ல் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்துச் செய்த ஆய்வு, சீனாவில் வாழும் சிஃப்ளூரிஸ்கஸ் சைனென்சிஸ் என்னும் இனத்தை மற்ற எல்லா ஒருநாள் பூச்சிகளுக்கும் தனித்த மூத்த கிளையாக நிறுத்தியது. அதன் முதிர்பூச்சிக்கு 1920லேயே பெயரிட்டுவிட்டார்கள். அதன் நீர்வாழ் பருவம் 2003ல்தான் விவரிக்கப்பட்டது. எண்பத்துமூன்று ஆண்டுகள் அதன் வாழ்வின் பெரும்பகுதி படிக்கப்படாமலே இருந்தது.

அதே 2009ல் இன்னொரு பெயரும் இடம்மாறியது. பிரான்சின் கொமாந்த்ரி நிலக்கரிப் படிவத்தில் கிடைத்த டிரிப்ளோசோபா என்னும் தொல்லுயிர் எச்சம், அறியப்பட்ட ஒருநாள் பூச்சிகளிலெல்லாம் மூத்தது என்று நெடுங்காலம் பாடநூல்களில் இருந்தது. அதை மீண்டும் ஆராய்ந்த புரோகோப்பும் நெல்லும், அது ஒருநாள் பூச்சியே அன்று, அற்றுப்போன வேறொரு குலத்தைச் சேர்ந்தது என்று காட்டினர். எந்தக் கல்வெட்டும் மறுவாசிப்புக்கு அப்பாற்பட்டதன்று.

இப்போது 'ஒருநாள்' என்ற சொல்லின் குறைக்கு வருவோம். அமெரிக்காவின் டோலேனியா அமெரிக்கானாவின் முதிர்ந்த பெண் ஐந்து நிமிடங்களுக்கும் குறைவாகவே வாழ்கிறது. குளங்களிலும் தேங்கிய நீரிலும் காணப்படும் குளோயான் டிப்டெரத்தின் பெண்ணோ, முட்டைகளை வயிற்றிலேயே வளர்த்துக்கொண்டு இரண்டு வாரம் வரை வாழ்வது உண்டு. முன்சொன்ன பிராசோபிஸ்டோமாவின் பெண் கடைசித் தோலை உரிப்பதே இல்லை. முதிரா நிலையிலேயே முட்டையிட்டு இறந்துவிடுகிறது. 3,500க்கு மேற்பட்ட இனங்களை ஒரு நாளுக்குள் அடைக்க முடியாது. அதே குளோயான் டிப்டெரத்தின் முழு மரபுத்தொகுதியும் 2020ல் வெளியானது. அதன் செவுளிலும் சிறகிலும் இயங்கும் மரபணுக்களுக்கிடையே நெருங்கிய ஒற்றுமை இருப்பதை அவ்வாய்வு காட்டியது. செவுளிலிருந்தே சிறகு பிறந்தது என்று 19ஆம் நூற்றாண்டிலேயே ஊகித்தவர்களுக்கு அது ஓரளவு வலுச்சேர்க்கிறது, வழக்கை முடித்துவிடவில்லை.

இவ்வளவு குறுகிய காலமே பறக்கும் மெல்லிய பூச்சி கடல் கடக்குமா? கடக்காது என்றே கருதப்பட்டது. ஆகவே தென்னாப்பிரிக்கா, மடகாஸ்கர், தென்னிந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா எனப் பரவிக்கிடக்கும் டெலோகனோடிடே போன்ற குடும்பங்களைக் கண்டால், இவை ஒன்றாயிருந்த பழைய கண்டத்தின் நினைவு என்று சொல்வது இயல்பாக இருந்தது. பல குலங்களுக்கு அவ்விளக்கம் பொருந்தவும் கூடும். ஆனால் மடகாஸ்கரின் பேட்டிடே குடும்பத்தை ஆராய்ந்து 2005ல் மோனகனும் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, அவற்றுள் சில வம்சங்கள் கண்டம் பிரிந்து வெகுகாலம் கழித்துக் கடல் தாண்டி வந்தவை என்று காட்டியது. நொய்மைக்கு உவமையாக நாம் வைத்திருந்த பூச்சி கடல்மேல் பறந்திருக்கிறது.

சரி, இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் இப்பூச்சிகள் கற்களுக்கடியில் இன்றும் வாழ்கின்றன. குற்றாலத்தின் பெயரைத் தாங்கிய பீட்டர்சுலா கூர்ட்டாலென்சிஸ் என்ற இனத்தை 1984ல் கே.ஜி.சிவராமகிருஷ்ணன் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இலக்கியத்தில் அருவிக்கும் குறவஞ்சிக்கும் பெயர்பெற்ற ஊர், ஒரு பூச்சியின் பெயரிலும் இருக்கிறது என்பதை எங்களில் யாரும் அதுவரை அறிந்திருக்கவில்லை. ஓடையின் நீர் கெட்டுவிட்டதா என்று அறிய விரும்பும் ஆய்வாளர்கள் முதலில் எண்ணிப்பார்க்கும் உயிர்களில் ஒருநாள் பூச்சியின் இளம்பருவமும் ஒன்று. அவற்றுள் பலவற்றுக்கு உயிர்வளி நிறைந்த தூய நீர் வேண்டும்; நீர் கெட்டால் முதலில் மறைபவற்றில் அவையும் சேரும். எது மறைந்தது என்று சொல்ல, எது இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். முதிர்பூச்சிக்கு ஒரு பெயர், அதே இனத்தின் இளம்பருவத்துக்கு வேறு பெயர் என்று இருந்துவிட்டவையும் உண்டு. ஒரே பெயருக்குள் பல இனங்கள் ஒளிந்திருப்பவையும் உண்டு. ஐரோப்பாவில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பேட்டிஸ் ரோடானி என்ற பெயருக்குள் பல தனி மரபுகள் இருப்பது 2006ல் மரபணு ஆய்வில் வெளிப்பட்டது.

ஸ்வாமர்டாம் வரைந்துவைத்ததால்தான், அவர் நாட்டில் எது இல்லாமல் போயிற்று என்று இன்று சொல்ல முடிகிறது. எல்லாவற்றையும் ஈசல் என்று எழுதும் மொழியில் அந்த இழப்பைப் பதிவு செய்யவே வழியில்லை. ஈசல்கள் அடுத்த மழைக்கும் வரும். மொழியின் கணக்கில் எதுவும் குறைந்திருக்காது. எங்களுக்குக் கவலை தருவது இதுதான். ஒரு சொல் இரண்டு உயிர்களை மூடிக்கொண்டால், அவற்றுள் ஒன்று போனாலும் நமக்குத் தெரியாது.

நிலையாமை உறைக்க வேண்டும் என்ற நண்பரின் கவலையை நாங்கள் ஒதுக்கவில்லை. ஆனால் நீருக்கடியில் மூன்று ஆண்டுகள் களிமண்ணுக்குள் வாழ்ந்து, உணவை மறந்து, இரண்டாம் முறை சிறகுரித்து, ஒரே மாலையில் முடிந்துபோகும் உயிர் என்று அறிந்து படிக்கும் வாசகனுக்கு நிலையாமை இன்னும் ஆழமாகவே உறைக்கும் என்று நம்புகிறோம். ஈசல் என்ற ஆயத்த உவமை அவனை அந்த ஆற்றங்கரையிலிருந்து நம் வீட்டுத் திண்ணை விளக்குக்கு இழுத்து வந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பின் கடமை அவனை ஆற்றங்கரைக்கு அழைத்துச் செல்வதல்லவா?

இறுதியில் கதையில் 'ஒருநாள் பூச்சி' என்றே அச்சேற்றுவது என்று முடிவு செய்தோம். அப்பெயரிலும் பழைய பிழை ஒன்று ஒட்டியிருப்பதை அறிந்தே ஏற்கிறோம். அறிவியல் பெயரும் அப்பிழையைச் சுமந்துகொண்டுதான் வாழ்கிறது. பெயர் ஓர் உயிரை முழுவதும் விளக்கிவிட வேண்டும் என்பதில்லை; அதை இன்னொன்றாக மாற்றிவிடாமல் இருந்தால் போதும்.

இதைவிட நல்ல பெயர் எங்கேனும் மக்கள் நாவில் இருக்கக்கூடும். மலையோடைகளில் மீன்பிடிப்போர், அணைக்கட்டு விளக்குகளின்கீழ் விடியற்காலையில் குவியலாகக் கிடக்கும் இவற்றைப் பெருக்கித் தள்ளுவோர், இவற்றை ஏதேனும் சொல்லி அழைத்திருப்பார்கள். அத்தகைய வழக்குச் சொல்லை அறிந்த வாசகர்கள் எங்களுக்கு எழுதும்படி வேண்டுகிறோம். எந்த ஊரில், யாரிடம் கேட்டது என்பதையும் சேர்த்தெழுதினால் மிக உதவியாக இருக்கும்.